வைக்கோல், தவிடு, கோ-4: மாட்டுக்குச் சரி, குதிரைக்கு?

வாசகர் கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். கோபி பக்கம் எங்கள் தோட்டம். நாலு கறவை மாடு இருக்கிறது. போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஐந்து வயது கத்தியவாரி ஆண் குதிரை ஒன்று வாங்கினோம். மகளுக்குச் சவாரி பழக்கவும் ஊர்த் திருவிழாவுக்கும்தான், வண்டி இழுக்கிற வேலை கிடையாது. மாட்டுக்குப் போடுவதையே அதற்கும் போடுகிறோம். காலையில் கோ-4 பச்சைப்புல், மாலையில் வைக்கோல், இரண்டு வேளையும் ஒவ்வொரு கிலோ அரிசித் தவிடு, கொஞ்சம் கொள்ளு. மாசியில் வயிற்றுவலி வந்து உருண்டு புரண்டுவிட்டது. வந்து பார்த்த டாக்டர், "குடலில் அடைப்பு, வைக்கோலை நிறுத்துங்கள்" என்றார். இப்போது ஆறு மாதத்துக்குக் காய்ந்த தீவனம் வாங்கி அடுக்க வேண்டும். காங்கேயம் பக்கம் காய்ந்த கொழுக்கட்டைப்புல் கிடைக்கிறது. கடலைக்கொடியும் கிடைக்கிறது. சோளத்தட்டு எங்கள் காட்டிலேயே இருக்கிறது. ஒரு நண்பர், திமோதி என்ற வெளிநாட்டுப் புல்தான் குதிரைக்கு ஏற்றது என்கிறார். எதை வாங்குவது? இன்னொன்று, ஒரு மாதமாக அவ்வப்போது முன்னங்கால் தாங்குகிறது. ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது. லாடம் மாற்றியும் சரியாகவில்லை. தீவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சும்மா சொல்கிறேன். வெல்லம் கொடுக்கலாமா என்றும் எழுதுங்கள்.

பதில்:

சும்மா சொல்கிறேன் என்று நீங்கள் எழுதிய இடத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. எந்தப் புல் வாங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

ஐந்து வயதுக் குதிரை, பாரம் இழுக்காத குதிரை, கால் மாற்றி மாற்றித் தாங்குகிறது, லாடத்தில் கோளாறு இல்லை. அதோடு கோ-4, வைக்கோல், தினம் இரண்டு கிலோ தவிடு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எந்தக் கால்நடை மருத்துவருக்கும் எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைகிறதோ என்ற சந்தேகம் வரும். நேரில் பார்க்காமல் கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. குளம்பில் ஆணி குத்தியிருக்கலாம், மூட்டில் வீக்கம் இருக்கலாம். ஆனால் தீவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கோ-4 என்பது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். வேகமாக வளரும், நிறைய விளையும், மாடு ஆசையாகத் தின்னும். அந்தப் புல்லில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். தண்ணீரும் உரமும் பாய்ந்து தளதளவென்று வந்த இளம் புல்லில் இன்னும் அதிகம். ஆக்சலேட் தீவனத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மாட்டுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. தீவனம் முதலில் போவது முதல் வயிற்றுக்கு. அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் பழகப் பழக ஆக்சலேட்டை உடைத்துவிடும், கால்சியம் விடுபடும், அதன் பிறகு வருகிற சிறுகுடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். குதிரைக்கு வரிசை தலைகீழ். அதன் நுண்ணுயிர்க் கூட்டம் இருப்பது சிறுகுடலைத் தாண்டி, பின்பக்கப் பெருங்குடலில். அங்கே போய் ஆக்சலேட் உடைந்து கால்சியம் விடுபட்டாலும், உறிஞ்ச வேண்டிய சிறுகுடலைத் தீவனம் எப்போதோ கடந்துவிட்டது. சத்து சாணத்தோடு வெளியே போகிறது. தொட்டி நிறையத் தின்ற குதிரைக்குக் கால்சியப் பஞ்சம் வருவது இப்படித்தான்.

தவிடு இதை இன்னும் மோசமாக்குகிறது. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். குதிரையின் தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. உங்கள் தொட்டியில் கணக்கு நேர் எதிராக இருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் வேலை செய்யாது என்பதால், உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் விடும். எலும்பு மெலியும். முதலில் இந்தக் கால், அந்தக் கால் என்று மாறி மாறித் தாங்கும், நடை குறுகும், முதுகில் ஏறினால் பிடிக்காது. ரொம்ப நாள் போனால் முகத்து எலும்பு இரண்டு பக்கமும் உப்பும். ஆங்கிலம் பேசுகிற நாடுகளில் இதைப் பெருந்தலை நோய் என்றும் தவிட்டு நோய் என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மாவு மில்லுக்காரர்களின் குதிரைகளுக்கு இது வந்தது, தவிடு சும்மா கிடைத்ததால்.

இன்றே ஒன்று செய்து பாருங்கள். குதிரைக்கு எதிரே நின்று, இரண்டு கட்டைவிரலையும் கண்ணுக்குக் கீழே வைத்து மூக்குத் துவாரம் வரை எலும்பின் மேலே மெதுவாக இழுங்கள். அந்த இடம் தட்டையாக, விளிம்பு தெளிவாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். உருண்டு திரண்டு இருந்தாலோ, தொட்டதும் தலையை வெடுக்கென்று இழுத்தாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அழைத்துக் காட்டத்தான் வேண்டும், அவசரம் மட்டும் கொஞ்சம் குறைவு. டாக்டரிடம் தீவன விவரத்தை இந்தக் கடிதத்தில் எழுதியது போல அளவோடு சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று வந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். எலும்பைக் கரைத்துக்கூட அது சரியாக இருக்கலாம். சிறுநீரையும் சேர்த்துப் பார்த்தால் நிலவரம் தெரியும். சுண்ணாம்புக்கல் பொடியோ டைகால்சியம் பாஸ்பேட்டோ எவ்வளவு கொடுப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும். கடையில் விற்கிற மாட்டு கால்சியம் டானிக்கை நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள். மகளின் சவாரியை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

சரி, இப்போது தீவனம்.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவோம். குதிரையை எடை மேடையில் ஏற்ற வேண்டியதில்லை. துணிக்கடை நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை ஓர் அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் சுமார் 344 கிலோ. கத்தியவாரிக்கு இது நடைமுறையில் வருகிற எடைதான். ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 சதவீதம் உலர் தீவனம் என்று வைத்தால் ஏழு கிலோ. காய்ந்த புல்லிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும், தின்னாமல் மிதித்துத் தள்ளுவதும் இருக்கும், ஆகவே எட்டு கிலோ. ஆறு மாதத்துக்கு ஒன்றரை டன் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எது குறைந்தாலும் நார்த்தீவனம் உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

தானியம், தவிடு போன்ற அடர்தீவனத்தைக் கூட்டிப் புல்லைக் குறைக்கலாமே என்று தோன்றும். கூடாது. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு ரொம்பச் சின்னது. அதில் அமிலம் இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். மெல்லும்போது மட்டும்தான் எச்சில் சுரந்து அந்த அமிலத்தைத் தணிக்கும். ஒரு கிலோ புல்லை மெல்ல முக்கால் மணி நேரம்கூட ஆகும், அதே எடைத் தானியம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் வெறும் வயிற்றில் அமிலம். கட்டுத்தறியைக் கடிக்கிற குதிரையில் பாதிக்கு வயிற்றில் புண் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

வைக்கோலைப் பற்றி உங்கள் டாக்டர் சொன்னது சரி. வைக்கோலில் புரதம் மூன்று நான்கு சதவீதம்தான், மணல்சத்தான சிலிக்கா அதிகம், ஆக்சலேட்டும் உண்டு. தண்டு நீளமாகவும் முரடாகவும் இருப்பதால் சரியாக அரைபடாமல் உள்ளே போகும். குதிரையின் பெருங்குடல் ஓரிடத்தில் திடீரென்று குறுகி வளைகிறது. வெயில் காலத்தில் தண்ணீரும் குறைவாகக் குடித்தால் அந்த வளைவில்தான் அடைத்துக்கொள்ளும். மாசியில் நடந்தது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். வைக்கோல் விஷம் என்று நான் சொல்லவில்லை. வேறு நல்ல நார்த்தீவனம் இருக்கும்போது கால் பங்கு வரை கலந்து போட்டால் பெரும்பாலான குதிரைகள் தாங்கும். அதை மட்டுமே போட்டு வளர்ப்பதுதான் தவறு. உங்கள் குதிரைக்கு ஒரு தடவை அடைத்துவிட்டதால் இந்த வருஷம் கால் பங்குகூட வேண்டாம், படுக்கைக்கு மட்டும் போடுங்கள். படுக்கையையே தின்ன ஆரம்பித்தால் அதையும் எடுத்துவிட்டுத் தேங்காய்நார்க் கழிவோ மரத்தூளோ போடலாம்.

யூரியா கலந்து ஊறவைத்த வைக்கோல் நல்லது என்று யாராவது சொன்னால், மாட்டுக்கு நல்லது என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அது அசைபோடும் வயிற்றுக்காகக் கண்டுபிடித்த உத்தி. மக்காச்சோளத்தை அரைத்து மூட்டை கட்டி விற்கிற சைலேஜ், அதாவது ஊறுகாய்ப்புல், இப்போது கொங்குப் பக்கம் எல்லாப் பால்பண்ணையிலும் இருக்கிறது. அதையும் குதிரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். மூட்டையில் எங்கேயாவது காற்றுப் புகுந்தாலோ, அறுவடையில் ஓர் எலி மாட்டி உள்ளே அழுகினாலோ பொட்டுலிசம் கிருமியின் விஷம் சேரும். அந்த விஷத்தை மாட்டைவிடக் குதிரை பல மடங்கு தாங்காது. உடம்பு தளர்ந்து, விழுங்க முடியாமல், படுத்தால் எழாது. மாட்டுத் தீவன மூட்டையும் கோழித் தீவனமும் அப்படியே. சிலவற்றில் மோனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் அந்த அளவில் அது ஒன்றும் செய்யாது, குதிரைக்குக் கொஞ்சம் போனாலே இதயத்தைத் தாக்கும். நாலு மாடும் ஒரு குதிரையும் ஒரே கொட்டகையில் இருக்கிற வீட்டில், அவசரத்தில் வேலையாள் கையை மாற்றிப் போட்டுவிடுகிற தவறு சாதாரணமாக நடக்கும். குதிரையின் தீவனத்துக்கு வேறு நிறத்தில் ஒரு டப்பா வைத்துவிடுங்கள்.

கொழுக்கட்டைப்புல்லுக்கு வருவோம். கொறங்காடு என்கிற வேலியடைத்த மேய்ச்சல் காட்டில் அதை மேய்ந்துதான் காங்கேயம் காளை அப்படி நிற்கிறது, குதிரைக்கு மட்டும் ஆகாதா என்று கேட்பீர்கள். சத்தில் குறை இல்லை. ஈரம் குறைந்த நிலத்தில் வளர்கிற புல், காய்ந்தாலும் இலை உதிராமல் நிற்கும், வாசனையாக இருக்கும், குதிரையும் விரும்பும். ஆனால் அதுவும் ஆக்சலேட் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதையும் இதுபோன்ற புற்களையும் மட்டும் மேய்ந்த குதிரைகளுக்குப் பெருந்தலை நோய் வந்திருக்கிறது. ஊட்டி மலையில் குதிரைகள் மேய்கிற கிக்குயு புல்லும் இதே ரகம். காயவைத்தால் ஆக்சலேட் போய்விடாது. ஆகவே கொழுக்கட்டைப்புல்லைத் தனியாகப் போடக் கூடாது, கூடக் கால்சியம் நிறைந்த ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

அந்த ஒன்று கடலைக்கொடி. கடலைக்கொடியில் புரதம் வைக்கோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், கால்சியம் ஒரு சதவீதத்தை ஒட்டி. உங்கள் குதிரைக்கு ஒரு நாளைக்குத் தேவையான கால்சியம் சுமார் 14 கிராம். இரண்டு கிலோ நல்ல கொடி அதைக் கொடுத்துவிட்டு மிச்சமும் வைக்கும், ஆக்சலேட் பிடித்துக்கொள்கிற பங்குக்கு அந்த மிச்சம் வேண்டும். லூசர்ன் என்கிற பயறுவகைத் தீவனச் செடியான குதிரை மசால் உங்கள் பக்கம் பாசன நிலத்தில் நன்றாக வரும். அதில் கால்சியம் இன்னும் கூடுதல். வரப்போரம் நாலைந்து சென்ட் விதைத்தால், பூ எடுக்கும் நேரத்தில் அறுத்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். வெயிலில் போட்டால் இலையெல்லாம் நொறுங்கிக் கொட்டிவிடும், மிஞ்சுவது குச்சி. சத்து இருப்பது இலையில். குதிரை மசாலையே முழுத் தீவனமாகப் போட்டால் புரதம் மிஞ்சிப்போய்ச் சிறுநீர் அம்மோனியா வாடை அடிக்கும், வேலை இல்லாத குதிரைக்குக் கொழுப்பும் துள்ளலும் கூடும். கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு போதும்.

கடலைக்கொடியில் இரண்டு கோளாறு உண்டு, இரண்டும் கண்ணுக்குத் தெரியும். செடியைப் பிடுங்கி எடுப்பதால் வேரோடு மண் வரும். மண் குதிரையின் குடலில் அடியில் படிந்து மாதக்கணக்கில் சேர்ந்து ஒரு நாள் வலியைக் கொடுக்கும். வாங்கியதும் வேர்ப்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுக் கொடியைக் களத்தில் உதறுங்கள். போட ஆரம்பித்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். சாணி விழுந்ததும் தரையில் படாத மேல் உருண்டைகளாக ஐந்தாறு எடுத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலிலோ நிறமில்லாத பாலிதீன் பையிலோ போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, கால் மணி நேரம் அசையாமல் தொங்கவிடுங்கள். அடியில் விரலால் நெருடுகிற அளவுக்கு மணல் படிந்தால் இன்னும் நன்றாக உதற வேண்டும் என்று அர்த்தம். தொட்டியைத் தரைக்கு மேலே சிமெண்டு மேடையில் வைப்பதும் அதற்காகத்தான். இரண்டாவது கோளாறு பூஞ்சை. அறுவடையில் மழை பிடித்த கொடி கறுத்து, மடித்தால் முறியாமல் துவளும், மோந்தால் மக்கிய நெடி வரும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்காதீர்கள், மாட்டுக்கும்கூட.

உங்கள் காட்டிலேயே இருக்கிற சோளத்தட்டு, காசு செலவில்லை என்பதால் ஆசையாகத்தான் இருக்கும். தண்ணீர் இல்லாமல் வாடிய இளம் சோளத்திலும், அறுத்த கட்டையிலிருந்து துளிர்த்த மறுதாம்பிலும் சயனைடு விஷம் இருக்கும் என்பது எல்லா விவசாயிக்கும் தெரிந்ததுதான். நன்றாக முற்றிக் காய்ந்த தட்டில் அது பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். குதிரைக்கு வேறொரு தொல்லை உண்டு. சோளம், சூடான் புல் வகைகளைத் தொடர்ந்து தின்கிற குதிரைகளுக்குச் சிறுநீர்ப்பை கெட்டு, சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், பின்னங்கால் தள்ளாடும். பச்சையாக மேய்ந்தால்தான் அதிகம் வருகிறது, ஆனாலும் என் யோசனை, தட்டை மாட்டுக்கே விட்டுவிடுங்கள். பஞ்ச காலத்தில் ஒரு மாதம் கொஞ்சமாகக் கலந்து ஓட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். மக்காச்சோளத் தட்டும் அப்படித்தான். பூஞ்சை பிடித்த மக்காச்சோளக் கதிர் மட்டும் எக்காரணத்தாலும் குதிரையின் வாய்க்குப் போகக் கூடாது, மூளையைக் கரைத்துவிடும், மருந்து கிடையாது.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது அருகம்புல். வட இந்தியாவில் ராணுவக் குதிரைகளுக்கும் லாயக் குதிரைகளுக்கும் புல்வெட்டிகள் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிக் கொண்டுவந்தது இதைத்தான். தண்டு மெல்லியது, ஆக்சலேட் கோ-4 அளவுக்குக் கிடையாது, குதிரை எதைப் போட்டாலும் முதலில் இதைத்தான் பொறுக்கும். ஒரே சிக்கல், தினம் எட்டு கிலோவுக்கு அருகம்புல் எங்கே போவது? வாய்க்கால் ஓரத்திலும் வாழைத்தோப்பிலும் களையாகப் பிடுங்கிப் போடுவதைக் கழுவி உலர்த்தினால் ஒன்றிரண்டு கிலோ தேறும். மருந்து அடித்த தோட்டத்திலிருந்து எடுக்க வேண்டாம். முற்றி நூல்நூலாகப் போன அருகம்புல்லை மட்டுமே மொத்தமாகத் தின்ற குதிரைகளுக்கு அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சிறுகுடல் அடைப்பு வந்திருக்கிறது என்பதால், அதிலும் இளசாக அறுத்ததுதான் வேண்டும்.

டாக்டர் வந்து பார்க்கும் வரை கொழுக்கட்டையைத் தவிர்த்து, கோ-4ஐத் தினம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தி, கடலைக்கொடியும் கிடைக்கிற அருகம்புல்லும் கொடுத்து வாருங்கள். பற்றாக்குறைக்கு நன்றாகக் காய்ந்த சோளத்தட்டைச் சிறிதாக வெட்டிக் கலந்துகொள்ளலாம், இந்தக் கொஞ்ச நாளுக்கு மட்டும். அதன் பிறகு அவர் சரி என்றால் கொழுக்கட்டை நாலு கிலோவுக்குள், கடலைக்கொடி இரண்டரை, மிச்சத்துக்குக் குதிரை மசாலும் அருகம்புல்லும். கொழுக்கட்டை எந்தக் காரணத்தாலும் பாதியைத் தாண்ட வேண்டாம். அரிசித் தவிட்டை இந்த வாரத்திலிருந்தே குறைத்து இரண்டு வாரத்தில் முழுக்க நிறுத்துங்கள். வேலையில்லாத குதிரைக்கு அது தேவையே இல்லை. கொள்ளைப் பற்றிக் கவலை வேண்டாம், அதில் கால்சியமும் பாஸ்பரஸும் கிட்டத்தட்டச் சமம். அரைக்கிலோவை வேகவைத்துப் போடுங்கள். கல்லுப்பு ஒரு கை, அதாவது முப்பது கிராம் போல. தண்ணீர் முப்பது லிட்டருக்குக் குறையாமல் எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும், சித்திரை வெயிலில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். பச்சைப்புல்லிலிருந்து காய்ந்த புல்லுக்கு மாறுகிற குதிரைக்குத் தண்ணீர்த்தொட்டி வற்றுவதுதான் அடுத்த அடைப்புக்குக் காரணமாகும்.

வாங்கப் போகும்போது என்ன பார்ப்பது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியது அங்கேதான் நிறைய இருக்கிறது. எந்தப் புல் என்பதைவிட எப்போது அறுத்தது என்பது பெரிய விஷயம். கொழுக்கட்டைப்புல்லில் கதிர் பாருங்கள். பூட்டை இப்போதுதான் வெளியே வந்திருந்தால் நல்ல சமயத்தில் அறுத்திருக்கிறார்கள். விதை உதிர்ந்து வெறும் காம்பு நின்றால் அது ஏறக்குறைய வைக்கோல்தான், பெயர் மட்டும் வேறு. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக் கசக்குங்கள். கையைக் குத்தினால் குதிரையின் வாயையும் குத்தும். மேல் பக்கம் வெளுத்திருப்பதைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள், வெயில் பட்டால் வெளுக்கும். கட்டைப் பிரித்து நடுவில் பாருங்கள், அங்கே பச்சை இருக்க வேண்டும். நடுவில் கையை நுழைத்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். கதகதப்பாக இருந்தால் ஈரத்தோடு கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அது பூஞ்சை பிடிக்கும், அடுக்கி வைத்த இடத்தில் தானாகத் தீப்பிடிப்பதும் உண்டு. பிறகு வெயிலுக்கு எதிரே பிடித்து ஒரு தட்டுத் தட்டுங்கள். புழுதி கொஞ்சம் பறப்பது சகஜம். மாவு போல வெள்ளையாக எழும்பி உங்களுக்கே தும்மல் வந்தால் அது பூஞ்சை வித்து. அதைத் தின்கிற குதிரைக்கு நாளடைவில் இருமலும் இரைப்பும் வந்து, ஒரு தடவை வந்தால் வாழ்நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும். வெறும் புழுதிதான் என்றால் போடுவதற்கு முன் தண்ணீரில் முக்கி எடுத்துப் போடலாம். நம் வெயிலுக்கு நனைத்த புல் சில மணி நேரத்தில் புளித்துவிடும், ஆகவே ஒரு வேளைக்கு மட்டும் நனையுங்கள்.

கூட என்ன செடி வந்திருக்கிறது என்றும் கிளறிப் பாருங்கள். அரளி இலை பத்துப் பதினைந்து கலந்திருந்தாலே குதிரை செத்துவிடும், காய்ந்தாலும் விஷம் போகாது. சாலையோரத்துப் புல்லை நான் எப்போதும் வேண்டாம் என்பது அதனால்தான், நடுவில் அரளியை நட்டு வைத்திருக்கிறார்கள். மானாவாரிக் காட்டுப்புல்லில் கிலுகிலுப்பைச் செடி வரும். காய்ந்த காயை ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் கேட்கும், அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரலைக் கெடுத்து, தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். பச்சையில் கசக்கிறது என்று குதிரை ஒதுக்குகிற செடியைக்கூடக் காய்ந்த புல்லோடு சேர்த்துத் தின்றுவிடும். பார்த்தீனியம், உண்ணிச்செடி, ஆமணக்கு எது தெரிந்தாலும் அந்தக் கட்டு வேண்டாம்.

ஒன்றரை டன்னையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் இரண்டு வாரத்துக்கு வாங்கி, பழைய தீவனத்தோடு தினம் கொஞ்சம் கூட்டிக் கலந்து, பத்துப் பதினான்கு நாளில் முழுக்க மாற்றுங்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதுப் புல்லுக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும். சாணி உருண்டை உருண்டையாக, விழுந்ததும் உடைகிற பதத்தில் இருந்து, தொட்டியில் மிச்சம் வைக்காமல் தின்றால் அதே ஆளிடம் மிச்சத்தையும் எடுங்கள். கட்டுக் கணக்கில் வாங்காமல் எடை போட்டு வாங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அடுக்குவதாக இருந்தால் தரையில் மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மேலே ஓடோ தகரமோ இருக்கிற இடத்தில் வையுங்கள். தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தினால் உள்ளேயே வியர்த்து எல்லாம் போய்விடும். போடுகிற புல்லை நாலு வேளையாகப் பிரித்து, பெரிய பங்கை இரவுக்கு வையுங்கள்.

திமோதி பற்றி. உங்கள் நண்பர் சொல்வது பொய்யில்லை. வட அமெரிக்கா, ஐரோப்பா போன்ற குளிர் நாட்டுப் புல், நார் நன்றாக இருக்கும், ஆக்சலேட் தொல்லை இல்லை. பந்தயக் குதிரைக்காரர்கள் இறக்குமதி செய்வார்கள், நகரத்தில் முயல் வளர்ப்பவர்கள் சின்னப் பொட்டலமாக வாங்குவார்கள். நம் சமவெளியில் விளையாது. தினம் எட்டு கிலோ வீதம் கப்பலில் வந்த புல்லைப் போட்டுத் திருவிழாக் குதிரை வளர்க்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பணத்தில் பாதிக்குக் குதிரை மசால் விதையும், வருஷத்துக்கு ஒரு தடவை குதிரையின் கடைவாய்ப் பல்லை ராவிவிட ஒரு டாக்டரும் கிடைப்பார். பல் கூர்மையாகி மெல்ல முடியாத குதிரைக்குத் திமோதியும் வைக்கோலும் ஒன்றுதான்.

வெல்லம் கொடுக்கலாம், சவாரி முடிந்து பழக்கத்துக்கு நெல்லிக்காய் அளவு. உங்கள் குதிரை பின்கழுத்தில் கொழுப்புத் திரண்டு கொழுத்திருந்தால் அதுவும் வேண்டாம், இனிப்பு கூடினால் குளம்புக்குள்ளே வீக்கம் வந்துவிடும். ஏற்கெனவே கால் தாங்குகிறது என்பதால் டாக்டர் பார்க்கும் வரை வெல்லத்தையும் நிறுத்தி வையுங்கள், எந்தக் காரணத்தால் தாங்குகிறது என்று அவருக்குக் குழப்பம் இல்லாமல் இருக்கும்.